மாசிலாமணியின் பத்துப் புதன்கிழமைகள்

ஜனவரி 1, திங்கள்

துளசி டைரி எழுதுகிறாள். கவுன்சலிங் படிக்கிறவர்கள் தினமும் மனதில் பட்டதை எழுத வேண்டுமாம். அதற்கும் மார்க் உண்டாம். நான் எட்டிப் பார்த்தால் டப்பென்று மூடிவிடுகிறாள். "ஏனுங்க, உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா?" என்கிறாள். உண்மையிலேயே எனக்கு வேறு வேலை இல்லை. முப்பத்து நாலு வருஷம் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் நானும் ஒரு டைரி எடுத்துக்கொண்டேன். துளசி எட்டிப் பார்த்தால் நானும் டப்பென்று மூடுவேன். இன்றைக்கு மூன்று தடவை மூடிப் பழகினேன். அவள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

என் பெயர் சென்னியப்பன். வயது அறுபத்து நாலு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. என் சம்சாரம் துளசிமணி தபால் ஆபீஸில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி, ஐம்பத்து மூன்று வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். மனசைப் படிக்கிற படிப்பு. முடித்துவிட்டு அதிலேயே வேலைக்கும் போகப் போகிறாளாம். முப்பத்து மூன்று வருஷமாக என் மனசைப் படித்தவளுக்குப் பரீட்சை எதற்கு என்று கேட்டேன். "அதுலதான் இன்னும் பாஸாகலை" என்றாள்.

ஜனவரி 3, புதன்

இன்றைக்கு ஒரு விளையாட்டு செய்தேன். வினையாகிவிட்டது.

துளசியின் டிபார்ட்மென்டில் ஒவ்வொரு புதனும் பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை. இரண்டாம் வருஷ மாணவர்கள் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கஷ்டத்தைக் கேட்பார்கள். என் திட்டம் இதுதான். வேறு பெயரில் பதிந்துகொண்டு துளசி முன்னால் போய் உட்கார வேண்டியது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "மேடம், என் சம்சாரம் என்னைத் தினமும் அடிக்கறாங்க" என்று அழ வேண்டியது. கவுன்சலர் சிரிக்கக்கூடாது என்பது ரூல். எப்படிச் சிரிக்காமல் இருக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டியது.

மேஜையில் இருந்தவரிடம் "மாசிலாமணி, சூலூர்" என்றேன். மூன்றாம் நம்பர் அறைக்குப் போகச் சொன்னார். கதவைத் திறந்தால் உள்ளே துளசி இல்லை. ஒரு சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் நாற்காலி கீழே விழுந்துவிட்டது.

"வாங்கய்யா, வாங்க. வந்துட்டீங்க" என்றாள். பஸ் வராதோ என்று ஒரு மணி நேரம் நின்றவர்கள் சொல்வது போலச் சொன்னாள். ரூம் மாறி வந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பெயர் ரிஸ்வானா. பொள்ளாச்சிப் பக்கம். "சொல்லுங்கய்யா, என்ன விஷயமா வந்தீங்க?" என்றாள். சம்சாரம் அடிக்கிறாள் என்ற கதை துளசிக்காகத் தைத்த சட்டை. இந்தக் குழந்தைக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. வேறு எதுவும் தோன்றாமல், "சம்சாரம் தவறிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"எப்பங்கய்யா?"

"ஒன்றரை வருஷம் ஆச்சுங்க."

அவள் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் எப்படி வாபஸ் வாங்குவது?

வெளியே வந்து ஆபீஸ் உதவியாளர் குப்பண்ணனிடம் டீ வாங்கிக் குடித்தேன். அவர் சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு நேரமே செரியில்லீங்க. ரெண்டு பேரு வந்து பாதியில நின்னுட்டாங்க. மார்ச்சுக்குள்ள ஒரே ஆளோட பத்துத் தடவை உக்காந்து முடிக்கலீன்னா ஒரு வருஷம் போச்சு. ஒரு பள்ளிக்கூடத்துல வேலை வேற காத்துக்கிட்டு இருக்குதாம். நீங்களாச்சும் விடாம வாங்க பெருசு."

சாயங்காலம், மத்தியானம் நான் சாகடித்தவள் எனக்கு அரிசிம்பருப்புச் சோறு போட்டாள். நெய் கொஞ்சம் தூக்கலாக ஊற்றினாள். சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தேன். "உடம்புக்கு என்னங்க?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜனவரி 10, புதன்

இரண்டாவது தடவை. துளசிக்கு இரண்டு மணிக்கே ஆள் உள்ளே போய்விடும். என் நேரம் இரண்டேகால். மாடிப்படி ஓரம் ஒளிந்து போகிறேன்.

ரிஸ்வானா இன்றைக்குத் தயாராக வந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் யோகா, நடை, பாட்டு, பேப்பர் படிப்பது, கோயில், மாடித் தோட்டம், பழைய நண்பர்கள் என்று ஏழு யோசனை சொல்லிவிட்டாள். விரலில் எண்ணினேன்.

"கண்ணு, நான் இன்னும் பஸ்ஸே ஏறலை. நீ அதுக்குள்ள ஏழு ஸ்டாப் போய்ட்டியே" என்றேன்.

சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "சாரிங்கய்யா, சிரிச்சிருக்கக் கூடாது. யோசனையும் சொல்லியிருக்கக் கூடாது. எங்க மேடம் அதையேதான் திட்டுவாங்க. நான் பேசிட்டே இருக்கேன்னு."

கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினாள். "சனிக்கிழமை வகுப்புல உங்க விஷயத்தை வெச்சுப் பேசுவோம். பேரு, ஊரு எதுவும் வராது. உங்களுக்குச் சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

"வகுப்புல எத்தனை பேருங்க?"

"பதினாறு பேர்."

"எல்லாம் உன்னையாட்டச் சின்னப் புள்ளைகதானா?"

"ஒருத்தங்க மட்டும் பெரியவங்க. துளசிமணி மேடம். எங்க எல்லாருக்கும் அம்மா மாதிரி."

பேனா நின்றுவிட்டது. "கையெழுத்துப் போடலீன்னா?"

"அந்த செஷன் கணக்குல வராதுங்கய்யா."

போட்டேன். மாசிலாமணியின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று யோசிக்கவே ஒரு நிமிஷம் ஆனது.

ஜனவரி 13, சனி

துளசி வகுப்பு முடிந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. ஒரு மனுசன். பாவம்" என்றாள். அதற்கு மேல் சொல்லக்கூடாதாம், ரூல்.

மிக்சர் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

ஜனவரி 24, புதன்

போன வாரம் பொங்கல் விடுமுறை. இன்றைக்கு மூன்றாவது.

ரிஸ்வானா புதுப் பாடம் படித்திருக்கிறாள் போல. பேசவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நானும் பார்த்தேன். மின்விசிறி சுற்றியது. இப்படியே இரண்டு நிமிஷம். ஆளில்லாத பஸ்ஸில்கூட நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சாயங்காலம் நாலரைக்கு டீ போடுவனுங்க. பழக்கத்துல ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சுருவன். ஊத்துனப்புறந்தான் ஞாபகம் வரும். ஒண்ணைத் திரும்பச் சட்டியிலயே ஊத்தி வெப்பன். ஆறரைக்கு மேல அதையும் நானே குடிச்சுருவன்."

அவள் எழுதவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

துளசி லைப்ரரியிலிருந்து வர ஆறரை ஆகிறது. கதைக்கு உப்பு வேண்டுமே என்று இதைச் சேர்த்தேன். அவ்வளவுதான்.

ஜனவரி 31, புதன்

நாலாவது. அவங்களை எப்படிக் கல்யாணம் செய்தீர்கள் என்று கேட்டாள். நன்றாகச் சொன்னேன், கையை ஆட்டி ஆட்டி. தபால் ஆபீஸுக்குப் போகிற பெண். எட்டே முக்கால் பஸ். தினமும் இரண்டு நிமிஷம் தாமதமாகத்தான் ஓடி வருவாள். நான் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு டிக்கெட் எண்ணுகிற மாதிரி பாவலா காட்டுவேன். விசில் கொடுக்க மாட்டேன். டிரைவர் கத்துவார். முன்சீட்டுக் கிழவி ஒருத்தி, "கண்டக்டரு தம்பி, உன்ற டிக்கெட்டு ஓடி வருது பாரு, ஏத்திக்கிட்டு விசில் குடு" என்று பஸ்ஸே கேட்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் காது வரை சிவந்தது.

ரிஸ்வானா வாய்விட்டுச் சிரித்தாள். இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை.

பிறகு கேட்டாள்: "இப்ப நீங்க யாருக்காகக் காத்துட்டு இருக்கீங்கய்யா?"

டைம் ஆச்சுங்க என்று எழுந்துவிட்டேன். இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது.

பிப்ரவரி 3, சனி

துளசி இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். மறுபடி வந்து பார்த்தாள். நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சமையல்கட்டில் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வெங்காயம் எதுவும் நறுக்கிய மாதிரித் தெரியவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

நாலரை மணிக்கு துளசி வீட்டில் இருந்தாள். லைப்ரரி இல்லையா என்றேன். "புஸ்தகம் எங்கீங்க ஓடிப்போகுது" என்றாள். இரண்டு டம்ளர். சட்டியில் ஊற்ற மீதி இல்லை.

பிப்ரவரி 10, சனி

துளசி கேன்டீனில் வடை சாப்பிட்டு வந்திருக்கிறாள். வகுப்பு நேரத்தில்.

பிப்ரவரி 15, வியாழன்

கோத்தகிரியில் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் துளசிக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் முதல். பிள்ளைகளுக்குக் கவுன்சலர். ஹாஸ்டலிலேயே ஒரு அறை தருவார்கள். திங்கள் போனால் வெள்ளி சாயங்காலம் வரலாம். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன சொல்றீங்க?"

"அங்க இருக்கற குளுருக்குப் பல்லெல்லாம் தானா தாளம் போடும். போறதுக்கு முன்னாடி எண்ணி வெச்சுட்டுப் போ அம்மிணி."

"நெசமாக் கேக்கறனுங்க."

"நானும் நெசமாத்தான் சொல்றன். ஹாஸ்டல் சாம்பாரைக் குடிச்சா அந்தப் புள்ளைகளுக்கு உன்ற கவுன்சலிங் கண்டிப்பா வேணும்."

கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். "உங்களைக் கேட்டம் பாருங்க" என்று எழுந்து போனாள்.

நல்ல செய்தி. சந்தோஷம்.

பிப்ரவரி 16, வெள்ளி

தூக்கம் இல்லை. கொசு.

பிப்ரவரி 17, சனி

இந்த வாரமும் வடை. என்ன படிப்பு இது?

பிப்ரவரி 21, புதன்

ஏழாவது. இன்றைக்கு வாய் தவறிவிட்டது. "வெள்ளிக்கிழமை வந்தாலும் ஞாயித்துக்கிழமை மறுபடி பொட்டி கட்டோணும், அதுல என்னத்த பேசறது" என்று சொல்லிவிட்டேன்.

"யாருங்கய்யா வர்றது?"

"கனவுலீங்க. வாரத்துக்கு ரெண்டு நாள்தான் லீவு குடுக்கறாங்களாம் மேல."

அவள் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதி அடியில் கோடு போட்டாள்.

போகும்போது, "ஐயா, உங்களாலதான் நான் இந்த வருஷம் முடிக்கப் போறேன். இன்னும் மூணே மூணு. அம்மாகிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். குப்பண்ணன் டீக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

மார்ச் 2, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் துளசி கிளம்பிப் போன பிறகு பார்த்தால் அவளுடைய ரெக்கார்டு நோட்டு மேஜை மேல் கிடக்கிறது. இன்றைக்கு அதில் கையெழுத்து வாங்காவிட்டால் பரீட்சைக்கு விட மாட்டார்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன் செய்தால் எடுக்கவில்லை. வேறு வழியில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அடையாளம் தெரியாமல் இருக்கக் குரங்குக் குல்லா, கொரோனாவுக்கு வாங்கிய மாஸ்க், துளசியின் கறுப்புக் கண்ணாடி. மார்ச் வெயிலில் இந்தக் கோலத்தில் ஒரு ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் ஞாபகம் இருக்காது? பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

டிபார்ட்மென்ட் வராந்தாவில் குப்பண்ணனிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். "துளசிமணி மேடத்துகிட்டக் குடுத்துருங்க, வீட்டுல மறந்து வெச்சுட்டு வந்துட்டா" என்றேன். குரலை மாற்ற மறந்துவிட்டேன்.

"மாசிலாமணி ஐயா?" என்று பின்னாலிருந்து சத்தம். ரிஸ்வானா.

அதே நேரம் குப்பண்ணன் நோட்டின் அட்டையைப் படித்துவிட்டு வகுப்புப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "துளசி மேடம், உங்க வீட்டுக்காரரு வந்திருக்காருங்க!"

துளசி வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். ரிஸ்வானாவைப் பார்த்தாள். நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் மாஸ்க்கைக் கழற்றினேன். ரிஸ்வானா செத்துப்போனவளையும் பார்த்துவிட்டாள், அழுதவனையும் பார்த்துவிட்டாள். "எட்டு செஷனுங்கய்யா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த துளசியும் ஒன்றும் கேட்கவில்லை. "வெயில்ல எதுக்குங்க வந்தீங்க?" என்று மோர் கலக்கிக் கொடுத்தாள். அந்தப் படிப்பில் கொடுமைப்படுத்தவும் சொல்லித் தருகிறார்கள்.

மார்ச் 4, திங்கள்

ரிஸ்வானா போன் செய்தாள். பேராசிரியை கற்பகவல்லியிடம் அவளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்.

"நடிக்கறவங்களோட பேசினா அது பயிற்சிங்கய்யா. செஷன் இல்லை. எட்டும் கணக்குல வராது. இனிமே மார்ச்சுக்குள்ள புது ஆளோட பத்து முடிக்க முடியாது."

"கண்ணு, நான் வந்து உங்க மேடத்துகிட்டச் சொல்லட்டுமா? தப்பு என்னுதுன்னு?"

"தப்பு யாருதுன்னு அவங்க கேக்கலை. அந்த எட்டுலயும் எது நிஜம்னு கேக்கறாங்க. அதை உங்களால மட்டுந்தான் சொல்ல முடியும். நான் உங்களை வரச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது. புதன்கிழமை ரெண்டேகாலுக்கு அறையில இருப்பேன்."

எது நிஜம்? என்னிடம் போய் இதைக் கேட்கிறார்களே. ஓடிய பஸ்ஸில் பாதிப் பேரை நான் மாமா என்பேன், மீதிப் பேரை மாப்பிள்ளை என்பேன். என் கல்யாணத்தன்று தாலி கட்டும்போதே துளசி காதில் ஒரு ஜோக் சொன்னவன். பொண்ணு சிரிக்கிறாளே என்று ஊரே பேசியது.

மார்ச் 6, புதன்

மேஜையில் இருந்தவரிடம் "சென்னியப்பன், வடவள்ளி" என்றேன். போன வாரம் வரை சூலூர்தானே என்று பார்த்தார். குடி மாறிட்டனுங்க என்றேன்.

மூன்றாம் அறையில் ரிஸ்வானா. மூலையில் ஒரு நாற்காலியில் கற்பகவல்லி மேடம். நரைத்த கிராப், பருத்திச் சேலை. அவர் ஒன்றும் பேச மாட்டார், கேட்க மட்டும் வந்திருக்கிறார், எனக்குச் சம்மதமா என்று ரிஸ்வானா கேட்டாள். சரி என்றேன்.

"உங்க பேரு சொல்லுங்கய்யா."

"சென்னியப்பன்."

"ஐயா, யாரு செத்துப்போனாங்க?"

"மாசிலாமணிதான். சனிக்கிழமை, உங்க வராந்தாவுல. நல்ல மனுசன்."

யாரும் சிரிக்கவில்லை.

"கருமாதிக்குச் சொல்லி அனுப்பறனுங்க" என்றேன்.

மின்விசிறி சுற்றியது. அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் இல்லை. ஜனவரியில் ஏழு யோசனை சொன்னவள்தானா இது என்று இருந்தது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு மூன்றாவதாக ஒரு ஜோக் வந்தது. நாக்கு வரை வந்து நின்றுவிட்டது.

"யாரும் சாகலைங்க" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் பழகிப் பாத்துட்டு இருந்தனுங்க."

"எதை?"

"தனியா இருக்கறதை. அவ படிக்கப் போன நாள்ல இருந்து கொஞ்சங்கொஞ்சமாப் போய்ட்டிருந்தா. இப்ப ஜூன்ல மொத்தமாப் போறா. போகட்டுங்க, அவ போகோணும். முப்பது வருசம் தபால்ல முத்திரை குத்துனவ, இப்பத்தான் அவளுக்குப் புடிச்சதுக்குப் போறா. போகாதன்னு சொன்னா நான் மனுசனே இல்லை. ஆனா அந்த வெறும் டம்ளரை எனக்குப் பாக்க முடியலைங்க. வீட்டுல சொன்னா, இவரு விளையாடறாருன்னு சிரிப்பா. நான் அப்படித்தான் வளத்து வெச்சிருக்கறன். இங்கதான் நீ நம்புன. பேரும் ஊரும் பொய்யுங்க. அவ செத்ததும் பொய்யி. மீதி அத்தனையும் நெசம்."

அவ்வளவு நேரம் நான் பேசி முடித்ததும் என்ன சொல்வாளோ என்று பார்த்தேன். "இதை இங்க கொண்டுவந்ததுக்கு நன்றிங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

கற்பகவல்லி மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு முதல் தடவையாகப் பேசினார். "ரிஸ்வானா, இது ஒன்பதாவது செஷன். நடந்ததை நடந்தபடி ரெக்கார்டுல எழுதுங்க. முதல் நாள்லயே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கணும், ஏன் வரலைன்னும் எழுதுங்க." என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, துளசிமணி இதே வகுப்புல இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாம இதை மேல கொண்டுபோக முடியாது. ஆனா எங்க வாயில இருந்து ஒரு சொல் போகாது. நீங்கதான் சொல்லணும்."

வெளியே வந்தபோது குப்பண்ணன் டீ நீட்டினார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 8, வெள்ளி

சொல்லவில்லை. துளசி தலைவலி என்றாள்.

மார்ச் 9, சனி

சொல்லவில்லை. எனக்குத் தலைவலி.

மார்ச் 10, ஞாயிறு

சாயங்காலம் டீக்கு உட்கார்ந்தோம். "துளசி, நான் உங்க டிபார்ட்மென்டுக்குப் போய்ட்டிருந்தன். புதன்கிழமை புதன்கிழமை" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பாடா" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"பிப்ரவரியில இருந்து. பஸ் கதையில. தபால் ஆபீஸ் புள்ளைக்கோசரம் விசில் குடுக்காம நின்ன கண்டக்டர் இந்த ஜில்லாவுல எத்தனை பேருங்க?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேக்கக் கூடாதுங்க. தெரிஞ்ச ஆளுன்னு தெரிஞ்சா எந்திரிச்சு வெளிய போய்ரோணும், அதைப் பத்தி வாயே தொறக்கக் கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்க கேஸை எடுத்தாப் போதும், நானு கேன்டீனுக்குப் போய்ருவன். எனக்குச் சக்கரை நோய்னு வகுப்பு பூராப் பேச்சு. அங்க உக்காந்து வடையாத் தின்னு மூணு கிலோ ஏறியிருக்கறன்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"அதுக்கு முந்தின சனிக்கிழமைக எல்லாம் அந்தச் செத்தவளுக்காக நானும் அழுதிருக்கறனுங்க. இப்படி ஒரு மனுசன் தேடற அளவுக்கு அவ எத்தனை குடுத்து வெச்சவன்னு நெனச்சன். அப்புறந்தான் அது நான்னு தெரியுது. ஒன்றரை வருசம்னு சொன்னீங்களாமா? வெரல் விட்டு எண்ணிப் பாத்தன். நானு வகுப்புல போய் உக்காந்த நாளு."

"அது வாயில வந்த நம்பரு."

"செரிங்க" என்றாள். நம்பவில்லை. "வெளிய போனதுக்கப்புறம் என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. இப்பச் சொல்லுங்க."

சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள். டீ ஆறிப்போனது, இரண்டு டம்ளரும்.

மார்ச் 13, புதன்

பத்தாவது.

"மாசிலாமணி ஐயா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள் ரிஸ்வானா. இப்போது அவளுக்கும் கிண்டல் வந்துவிட்டது. சூலூருக்கே போய்விட்டார் என்றேன்.

ஜூன் மாசத்துக்கு மேல் சாயங்காலம் என்ன செய்வதாக இருக்கிறேன் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். யோகா, நடை, மாடித் தோட்டம் என்று வரும் என்று காத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. தெரியாமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கொசு குறைந்துவிட்டது என்றேன். கொசுவுக்கு அர்த்தம் கேட்காமலே புரிந்துகொண்டாள்.

முடிந்ததும் எழுந்து நின்றாள். நாற்காலி விழவில்லை. வெளியே அவளுடைய சிநேகிதிகள் காத்திருந்தார்கள்; கதவு மூடியதும் ஒரு கூச்சல் கேட்டது.

ஏப்ரல் 26, வெள்ளி

ரிஸ்வானா பாஸ். பொள்ளாச்சிப் பள்ளிக்கூடத்தில் ஜூனில் சேருகிறாள். துளசியும் பாஸ். வாய்மொழித் தேர்வில், குடும்பத்தில் ஒருவர் கவுன்சலிங்குக்குப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். "வடை சாப்பிடுவேன்னு சொல்ல வந்துட்டனுங்க, நாக்கைக் கடிச்சுக்கிட்டன்" என்றாள்.

ஜூன் 3, திங்கள்

காலை ஆறு மணி. மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட். துளசிக்கு ஒரு பெட்டி, ஒரு கம்பளி, ஒரு பை. ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன். கண்டக்டர் சின்னப் பையன். நான் யார் என்று தெரிந்ததும் பெட்டியை வாங்கி வைத்தான். கூட்டம் இல்லை. மலைக்குப் போகிற காற்று இப்போதே கொஞ்சம் சில்லென்று அடித்தது.

நான் வெளியே ஜன்னல் பக்கம் நின்றேன். துளசி தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷப் பழக்கம். ஏதாவது சொல்வேன், சிரித்துக்கொண்டே போகலாம் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தாள். எனக்கும் நாலைந்து வந்தன. குளிர், பல், ஹாஸ்டல் சாம்பார். எல்லாம் பழசு.

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் முதல் பஸ்ஸுக்கே வந்துரு துளசி" என்றேன். "நீ இல்லாம எனக்கு முடியாது."

அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு எங்கே வரும் என்று என் முகத்தில் தேடினாள்.

"அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதான்."

கண்டக்டர் பின்படியில் நின்று டிக்கெட் எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்துவிட்டான். என்னைப் பார்த்தான், துளசியைப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.